கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி

விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து, நெற்றிக்கு மேலே தலைக்கயிற்றை இழுத்துவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் மலையேறுகிறார்கள். ஆளுக்கொரு நிரை பிடித்து நிற்கிறார்கள். முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் போடும்போது ஒருத்தி "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பாள். பக்கத்து நிரையிலிருந்து இன்னொருத்தி "பொலி" என்பாள். இலங்கையின் ஊவா மலைகளில், பசறையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் இது. கூடை இன்னும் வெறுங்கூடைதான். மழை வருமா, பனி விலகுமா, இன்றைக்குக் கிலோ தேறுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் நிறைந்ததாகவே சொல்லித் தொடங்குகிறார்கள்.

அந்தச் சொல் தேயிலைக்குரியது இல்லை. நெற்களத்தில் பொலி தூற்றும்போதும் மரக்காலால் அளக்கும்போதும் சொல்லப்பட்டது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது; அடுத்தவர் களத்தில் அடுத்தவர் நெல்லை அளந்தவர்கள். விட்டுவந்த ஊரிலிருந்து எடுத்துவர அவர்களுக்கு இருந்த சொத்துகளில் இந்த ஒரு சொல்லும் சேரும். அது ஊவாவின் சரிவுகளில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக விளைந்துகொண்டிருக்கிறது.

எழுபதும் எண்பதும் தாண்டி, மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, லயம் எனும் வரிசைவீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இந்தத் தோட்டங்களெங்கும் இருக்கிறார்கள். பின்னோக்கிப் பார்க்கும்போது எதையெல்லாம் அவர்கள் நல்லதென்று எண்ணிக்கொள்கிறார்கள்? பதில் பெரும்பாலும் கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப்பெட்டிக்குள் கிடக்கும். மடித்துவைத்த ஒரு கூறைச்சேலை, மங்கிப்போன ஒரு படம், அதற்கும் கீழே பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்த கடதாசிகள்: பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதித் தாள், மகனோ மகளோ பாடசாலையில் வாங்கிய பெறுபேற்றுப் பத்திரம். ஒவ்வொரு கடதாசியும் வந்து சேர எத்தனை வருஷம் பிடித்தது என்பதுதான் ஊவாத் தமிழரின் வரலாறு.

அவர்களுடைய பாட்டன்மார் காலத்திலும் ஒரு கடதாசி இருந்தது. அதன் பெயர் துண்டு.

தமிழில் நன்றியும் கடனும் 'நன்றிக்கடன்' என்று ஒட்டியே வழங்குகின்றன. தோட்டங்களின் ஆரம்ப காலத்தில் அந்த இரண்டையும் ஒரே ஆளுக்குத்தான் செலுத்தவேண்டியிருந்தது. அந்த ஆள் பெரியகங்காணி. ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தவர் அவர். வழிச்செலவு பார்த்தவர் அவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து ஊவா வரைக்கும் மறுபடி நடந்தவர்களைக் கூட்டிவந்ததும் அவர்தான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் தலையில் ஏற்கெனவே கடன் ஏறியிருந்தது. சம்பளம் கங்காணி கைவழியாகத்தான் வந்தது. வேலைக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டம் கங்காணிக்குத் தனியாகப் பென்ஸ் காசு கொடுத்தது. பிறகு எப்படிக் கடன் தீரும்?

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்னின்ன ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய துரை அந்தத் தொகையைக் கொடுத்துக் கும்பலை எடுப்பார். கடன் அழியாது, கைமாறும். கூடவே கங்காணிக்கு ஒரு புது முன்பணம் சேர்ந்து, தொகை முன்னிலும் பெருக்கும். வேலையை விட்டுச் சொல்லாமல் போனால் அன்றைய சட்டப்படியே சிறைக்கு அனுப்பலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 'உன்னைக் கொண்டுவந்து வாழவைத்தேன்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரைக் கட்டிப்போட முடியும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய முறை வேறு உண்டா என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த மண்ணில் நன்றியைப் பற்றிப் பேசும்போது, முதலில் அதைக் கடனிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தோட்டங்கள் எழுந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதத்தில் வயலும் குளமும் கால்நடையும் அழிந்தன. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் புல்வெளியையும் அரசுக்கு எழுதிக்கொண்டது. சிங்களக் கிராமத்தவர் இழந்த சரிவுகளில்தான் கடன்பட்ட தமிழர் கோப்பி நட்டார்கள். இரண்டு பக்கத்துப் பாட்டன்மாரும் ஏமாற்றப்பட்டவர்களே. பிற்காலத்தில் மூட்டிவிடப்பட்ட பகைகளின் நடுவே இந்த உண்மை அடிக்கடி மறந்துபோனது.

ஊவாத் தோட்டங்களில் முதுமை என்ற ஒன்றே தேயிலையோடுதான் வந்தது. கோப்பி, பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் வேண்டும். முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகையால் கோப்பிக் காலத்துத் தொழிலாளி கிழவனானால், அது பெரும்பாலும் தன் கிராமத்துத் திண்ணையில்தான். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, அடுத்த பதினைந்து, இருபது வருஷத்துக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்தூரையில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தேயிலைக்கு ஓய்வு கிடையாது. வாரத்துக்கொரு முறை, பத்து நாளைக்கொரு முறை அதே செடியிடம் திரும்பப் போகவேண்டும். அதற்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும், பெண்கள் கை வேண்டும், குடும்பம் குடும்பமாக ஆள் வேண்டும். இப்படித்தான் இங்கேயே பிறந்து, இங்கேயே நரைத்து, இங்கேயே தேயிலைக்கு உரமாகும் முதல் தலைமுறை உண்டானது.

ஆனால் அந்த முதுமைக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. மகனுக்குக் கல்யாணமானால் காம்பரா மகனுக்கு. தாய் தகப்பன் இஸ்தோப்புக்கு. காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பேர் இருக்கும் வரைதான் அதில் குடியிருப்பு. பேர் வெட்டியபின் பிள்ளை பேரில்தான் கிழவியும் கிழவனும் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கலாம். பிள்ளைகளில் ஒருவராவது மலைக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கிருந்து பிறந்தது. முதியவர்கள் சும்மா இருந்ததில்லை. விறகு பொறுக்கினார்கள், பேரப்பிள்ளை பார்த்தார்கள், லயத்துக்கு முன்னால் கையகல நிலத்தில் போஞ்சியும் மரவள்ளியும் போட்டார்கள். அவர்கள் பார்த்துக்கொண்ட பிள்ளைகளால்தான் இளையவர்களின் கூடை நிறைந்தது. எந்தச் செக்ரோலிலும் அந்த வேலைக்குப் பேர் விழுந்ததில்லை.

யாருக்கும் கடன்படாத நன்றி ஒன்றும் அந்தக் காலத்திலேயே இருந்தது. அது சாமிகளுக்குச் செலுத்தியது. மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூடவே வந்தவர்கள். கவ்வாத்துசாமியும் ரோதமுனியும் இங்கே பிறந்தவர்கள். சில வருஷத்துக்கொரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது கவ்வாத்து. கத்தி சாணைக்குச் சாணை கூர்மையேறும். ஒரு வீச்சுத் தவறினால் காலில் விழும். வேலை தொடங்கும் நாளில் மலையில் ஒரு கல்லை நட்டு, கத்திகளை வைத்து, சூடம் காட்டி, 'ரத்தக் காயம் இல்லாமல் மலை முடியட்டும்' என்று வேண்டுவார்கள். தேயிலை ஆலையான ஸ்டோரில் சுற்றும் பெரிய ரோதைக்குள் ஒரு முனி இருக்கிறார். கையை விட்டால் இழுத்துக்கொள்வார். அவருக்கும் பூசை உண்டு. இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சக்கரத்துக்குள் ஒரு தமிழ் முனியைக் குடிவைத்த கற்பனை எளிதானதல்ல. தன் உடம்பு முழுசாக வீடு திரும்பியதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாதபோது, அவர்கள் தாங்களே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டார்கள். இந்தச் சாமிகளிடம் கணக்குப் புத்தகம் இல்லை.

ரயில் மெல்ல வந்தது. 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அதற்கப்புறம் பதுளைக்கு வர முப்பது வருஷம். 1924இல்தான் கடைசி நிலையம் திறந்தது. எல்ல, தெமோதரை ஆகிய ஊர்களுக்கு நடுவே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலமும், தன் தலைக்கு மேலே தானே போகும் தெமோதரை வளைவும் இன்றைக்கு உலகமெங்கிருந்தும் ஆட்களை இழுக்கின்றன. அந்தப் பாலத்தின் அடியில் இருபக்கமும் தேயிலை. படமெடுப்பவர்களின் பின்னணியில் குனிந்து கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்களின் முன்னோர் கொழும்பிலிருந்து ரயில் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்த மூலைக்கு நடந்தே வந்தவர்கள். ரயில் அவர்களுக்கு முதலில் தந்தது வெளியுலகத்தை: ஒரு கடிதம், ஒரு பத்திரிகை, ஒரு பேச்சாளர். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்த காந்தி பதுளைக்கும் வந்தார். பார்த்தவர்களின் பிள்ளைகள் இப்போது முதியவர்கள். 'எங்கப்பா காந்தியைப் பார்த்தவர்' என்பது சில லயங்களில் இன்னும் ஒரு குடும்பச் சொத்து.

1940ஐ ஊவா மறக்கக் கூடாது. அந்த வருஷம் ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்கு கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். வேலைநிறுத்தங்கள் மலைநாடெங்கும் பரவி ஊவாவுக்கும் வந்தன. பதுளையில் கூட்டம் போடத் தடை. மே 12ஆம் திகதி இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா தடையை மீறி அங்கே பெருங்கூட்டத்தில் பேசினார். பொலிஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாங்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசித்தான் காரியம் செய்வேன் என்று துரை ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. துரைக்கு எதிரே வந்தால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி நிற்பது வழக்கமாயிருந்த நாட்டில் இது நடந்தது. நிமிர்ந்து நிற்கலாம் என்று அப்போது கண்டுகொண்டவர்களின் வீட்டில் பிறந்தவர்கள்தான் இன்று எண்பது வயதில் இருக்கிறார்கள்.

பிறகு, கிடைத்ததெல்லாம் ஒரே வீச்சில் போனது. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையால் தோட்டத்து மக்களில் பலர் வாக்காளரானார்கள். 1947 பொதுத் தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ பாட்டனோ இங்கே பிறந்தார் என்று கடதாசி காட்டு என்றார்கள். லயத்துக் காம்பராவில், மருத்துவிச்சி கையில் பிறந்தவர்களிடம் ஏது கடதாசி? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. 1946க்கு முன்பிருந்தே விட்டுவிடாமல் இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். நடுவே ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போய்வந்திருந்தால் அதுவே எதிராக நின்றது.

தகரப்பெட்டிக்குள் கடதாசிகளை அந்த மக்கள் அவ்வளவு பத்திரமாக வைத்திருப்பது அதனால்தான்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் கணக்கில் வந்தார்கள்: 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு என்று ஆனதுண்டு. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. சாவுவீட்டில் மட்டும் வைக்கும் ஒப்பாரியை மேடையில் நின்றவர்களும் வைத்தார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் வைத்தார்கள். அதே மாதிரித் தகரப்பெட்டிகள்தான் அந்த ரயிலிலும் ஏறின. சாமான் அதிகம் இல்லை. ஆட்டை விற்றாகிவிட்டது, வைத்த கொய்யா மரத்தைப் பக்கத்துக் காம்பராக்காரருக்குச் சொல்லிவிட்டாகிவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கூடை மாட்டினார்கள். இங்கே அவர்கள் இந்தியாக்காரர். அங்கே போனால் சிலோன்காரர்.

போகாமல் நின்றவர்கள் எதற்கு நன்றி பாராட்டுகிறார்கள் என்று யோசிக்கும்போது, இந்தக் கோச்சியை நினைக்காமல் முடியாது. கூடப் பிறந்தவர் ஒருவரின் முகத்தை ஐம்பது வருஷமாகப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். நீலநிற விமானத் தபால் உறையில் வந்த கடிதங்கள் நின்றுபோய், இப்போது கைத்தொலைபேசித் திரையில் முகம் பார்க்கிறார்கள். பேத்தி திரையைப் பிடித்துக்கொள்ள, கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, 'அக்கா, நீ நல்லா இருக்கியா' என்று கேட்கும்போது குரலில் இருப்பது வெறும் மகிழ்ச்சி மட்டுமில்லை.

நாடற்றவர்களாய் மிஞ்சியிருந்தவர்களுக்கு முடிவு 2003இல் வந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் அவ்வருஷத்து 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களையும் அவர்கள் சந்ததியையும் இலங்கைப் பிரஜைகளாக்கியது. தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம்கள் வைத்து, ஐ.நா. அகதிகள் அமைப்பும் உதவி செய்ய, பத்து நாள் அளவான காலத்தில் சுமார் 190,000 பேருக்குக் கடதாசி கிடைத்தது. ஐம்பத்தைந்து வருஷம் இழுத்தது பத்து நாளில் முடிந்ததைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு கோபமும் வரத்தான் செய்கிறது. எழுபது வயதில் முதன்முதலாக ஒரு நாட்டின் பிரஜை ஆன மனிதர் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால், அது தந்தவர்களுக்குச் செலுத்தும் கும்பிடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னுடையது தன்னிடம் திரும்பி வந்ததற்கான நிம்மதி அது.

காசு விஷயத்தில் பெரியவர்கள் அதிகம் பேசுவது சேமலாப நிதியைப் பற்றியும் சேவைக்காலப் பணத்தைப் பற்றியும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1983இல். நாட்சம்பளத் தொழிலாளிக்கு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினான்கு நாள் சம்பளம். நாற்பது வருஷம் மலைக்குப் போனவருக்கு 560 நாள் சம்பளம் வரும். சட்டம் அதைக் 'கொடை' என்று எழுதிவைத்திருக்கிறது. மக்கள் வாயில் அது சேவைக்காலப் பணம்தான். உழைத்த காலத்துக்கு உரிய காசு. இந்த இடத்தில் சட்டத்தைவிட மக்கள் பேச்சே சரியாக இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: மகள் கல்யாணம், காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி இறக்கம், பேரன் படிப்பு, மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி. தனக்கென்று ஒரு கம்பளிப் போர்வை வாங்கிக்கொண்டால் அதிகம். பசறைப் பனிக்கு அதுவே பெரிய காரியம்.

பெண்களுக்கு 1984 ஒரு தனி வருஷம். அதுவரை ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஊவாவின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்துவது ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் காய்ந்த கச்சான் காற்றில் பறிக்கும் கொழுந்து. அந்தக் கொழுந்தைப் பறித்த விரல்கள் பெண்களுடையவை. ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் அந்த விரல்களுக்குச் சமசம்பளம் வந்தது. அன்று இளம்பெண்களாயிருந்தவர்கள் இன்றைய பாட்டிகள். அவர்களில் பலருக்கு உச்சந்தலையில், தலைக்கயிறு அழுத்திய இடத்தில், முடி மெலிந்து ஒரு தடம் தெரியும். பேத்தி தலைவாரிவிடும்போது சீப்பு அந்த இடத்தில் வழுக்கிப் போகும்.

பஞ்சத்தைப் பற்றியும் ஒரு வரி. 1973-74இல் பங்கீட்டு அரிசி சுருங்கியபோது நாட்டிலேயே அதிகம் செத்தது தோட்டங்களில். மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தின்று அந்த வருஷங்களைத் தாண்டியவர்கள் இன்றைக்கும் சட்டியில் ஒட்டிய சோற்றைக் கழுவி ஊற்ற விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடம்தான் எல்லாவற்றிலும் ஆழமான மகிழ்ச்சி. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி தோட்டத்துக்குள் நுழைய முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை இருந்தது பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்துக்கு அண்ணன் மாதிரி ஒற்றை ஆசிரியர் பள்ளி. ஐந்தாம் வகுப்போடு கதை முடியும், பிறகு மலைக்குப் பேர் போடலாம். எழுபதுகளின் பின்பாதியிலிருந்து அரசு இந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. 2005இல் பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கியவர்களின் பேத்தி ஆசிரியையாகத் திரும்பி வந்து, பாட்டியின் சேமலாபப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் காட்சி இப்போது அபூர்வமில்லை.

ஹாலி எலைக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப் என்பவரைப் பதுளைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் எழுதத் தொடங்கி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். பிழைப்புக்காகக் கொழும்புக்குப் போனபின்னும் கடைசிவரை அவர் தெளிவத்தை ஜோசப்தான். 'காலங்கள் சாவதில்லை' நாவல், 'நாமிருக்கும் நாடே' சிறுகதைகள், 'குடைநிழல்' என்று தன் எழுத்து ஒருபுறமிருக்க, வயதான காலத்தில் அவர் பெருமுயற்சி எடுத்துச் செய்தது இன்னொரு வேலை: தனக்கு முன்னும் கூடவும் எழுதியவர்களைத் தேடி, பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதியது. மறந்துபோன பெயர்களை அதில் ஒவ்வொன்றாக வரிசைக்குக் கொண்டுவந்தார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தபோது வயது எழுபத்தொன்பது, 2022இல் காலமானார். செக்ரோலில் மட்டும் பேர் விழுந்த ஒரு சனத்துக்கு இலக்கிய வரலாற்றிலும் பேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர்.

நல்லதை மட்டும் எண்ண முடியாது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. கடைகளும் வீடுகளும் சாம்பலாயின. கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் பலர். அந்த இரவுகளைச் சொல்லும் பெரியவர்கள், எரித்தவர்களைச் சொன்ன அதே மூச்சில் ஒளித்து வைத்தவர்களையும் சொல்லுவார்கள்: கதவைத் திறந்துவிட்ட சிங்களக் குடும்பம், கோப்பித் தோட்டத்துக்குள் கொண்டுவந்து கொடுத்த சோற்றுப் பொதி. பிறகு 2014 அக்டோபர் 29. கொஸ்லாந்தைக்கு மேலே மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தும் மாற்றுக் காணி கொடுக்கப்படவில்லை. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறு. ஆட்களோடு பெட்டிகளும் போயின. ஐம்பது வருஷம் அலைந்து சேர்த்த கடதாசிகளும் போயின. உயிர் தப்பியவர்கள் மறுபடி ஒரு முறை, நாங்கள் யார் என்று நிரூபிக்கப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

2023இல் மலையகத் தமிழர் வரவின் இருநூறாம் ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய பாதையில் ஒரு நடைபயணம் போனார்கள். வழியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். முதல் முறை அந்தப் பாதையில் விழுந்தவர்களுக்கு அன்றைக்கு யாரும் கல் நட்டதில்லை.

ஊவாவின் தகரப்பெட்டிகளில் ஒரு கடதாசி மட்டும் பெரும்பாலோருக்கு இன்னும் வரவில்லை. அது காணி உறுதி. ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனிவீடும் சிலருக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும்பகுதி மக்கள் லயத்தில்தான். ஆனாலும் தேர்தல் நாள் வந்தால் வாக்களிப்பு நிலையத்தில் முதலில் நிற்பவர்கள் வயதானவர்களே. அந்த நிலையம் பெரும்பாலும் தோட்டப் பாடசாலைதான். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த சேலையை நன்றாக இழுத்துப் போர்த்துக்கொண்டு, பொலித்தீன் பையைப் பிரித்து அடையாள அட்டையை எடுக்கிறாள் ஒரு கிழவி. உத்தியோகத்தர் பட்டியலைப் பார்த்து அவள் பேரை உரக்க வாசிக்கிறார். "நான்தான்" என்கிறாள். இடது கைச் சின்னவிரலில் மை வைக்கிறார்கள். அது அழிந்துவிடாமல் விரலைத் தனியே நீட்டிப் பிடித்தபடி தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் மெல்ல ஏறுகிறாள்.